யாரைக் கேட்டுப் போனாள்?

மகனே, ஸலாம். உன் உம்மா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு தனியாகப் படிக்காதே. பஹ்ரைனில் உன் அறையில் நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலரும் இருப்பதாக எழுதியிருந்தாய். பெண்டாட்டி பிள்ளைகளைத் தாராவியிலும் ஊரிலும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர்கள்தானே எல்லாரும். அவர்களையும் உட்கார வைத்து உரக்கப் படி. உனக்கு மட்டும் என்றால் நாலு வரி திட்டிவிட்டு உறையை ஒட்டியிருப்பேன். இது நீங்கள் எல்லாரும் கேட்க வேண்டிய பேச்சு.

உன் மகள் நன்றாக இருக்கிறாள். பால் குடிக்கிறாள், காலை உதைக்கிறாள், என் மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறாள். இதை முதலில் எழுதுகிறேன், நீ இதை முதலில் கேட்கவில்லை என்பதற்காக. உன் கடிதத்தில் ஸலாமுக்கு அடுத்த வரியே உன் பெண்டாட்டியைப் பற்றி, “மைமூன் யாரைக் கேட்டுப் போனாள்?” என்பதுதான். பிள்ளைக்கு இப்போது எப்படி என்ற விசாரிப்பு கடைசியில், எனக்கு அனுப்பப் போகும் போர்வைக்கும் உன் பெரிய வாப்பாவின் சுகத்துக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. தேடித்தான் கண்டுபிடித்தேன். அப்புறம் உன் உத்தரவு. நீ வரும்வரை மைமூனையும் பிள்ளையையும் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட வேண்டும், பெரிய வாப்பா டிக்கெட் எடுத்து தாதரில் ரயிலேற்றி விடுவார்கள், ஊரில் என்றால் கேட்பதற்கு ஆள் இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். கேட்பதற்கு ஆள் இருக்குமாம். பிள்ளையைப் பார்ப்பதற்கு ஆள் இருக்கும் என்று எழுத உனக்குக் கை வரவில்லை, பார்த்தாயா.

நடந்ததை உன் பெரிய வாப்பா எழுதியபடி தெரிந்துகொண்டாய். நான் எழுதுகிறபடியும் தெரிந்துகொள். இங்கே நல்ல மழை. குழாய்த் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் ஒன்றாகிவிட்ட வாரம் அது. விடிந்ததிலிருந்து பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. முதலில் பச்சையாக, அப்புறம் வெறும் தண்ணீராக. வெயில் இல்லாத நாளில் துணி எங்கே காயும்? என் பழைய சேலைகளைக் கிழித்துக் கிழித்துப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் கண் உள்ளே போய்விட்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. எனக்கு முழங்கால் வீங்கித் தெருவில் இறங்கி நடக்க முடியாமல் கிடந்த நேரம். மைமூன் பிள்ளையைச் சேலைக்குள் போர்த்திக்கொண்டு, பஸ் பிடித்து, கிங்ஸ் சர்க்கிளில் இருக்கிற பாலக்காட்டு டாக்டரம்மாவிடம் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் உன் பெரிய வாப்பா வந்தார்கள். வாசலில் நின்றபடியே, “புள்ளையும் தாயும் எங்க?” என்றார்கள். சொன்னேன். “யாரக் கேட்டுப் போனா?” என்றார்கள். “நாந்தான் அனுப்பினேன் மச்சான்” என்றேன். “ஒரு தந்தி அடிச்சு அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? புருசங்காரன் இருக்கான்லா?” என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஹ்ரைனுக்குத் தந்தி போய், நீ பட்டறையிலிருந்து வந்து, அதைப் பிரித்துப் படித்து, நல்லது போகட்டும் என்று பதில் அடித்து, அது மழையில் நனைந்து தாராவிக்கு வந்து சேரும்வரை பிள்ளையின் வயிறு காத்திருக்குமா? நீயே சொல்.

டாக்டரம்மா பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாராம். மடிப்பு விழுந்தது அப்படியே நின்றதாம். “கூட யாரும் வரலையா? ஆத்துக்காரர் எங்கே?” என்று கேட்டிருக்கிறார். “அவுஹ பஹ்ரைன்ல. நான் வந்திருக்கேன்லா டாக்டர்” என்று இவள் சொல்லியிருக்கிறாள். “அது போறும்” என்று சொல்லி, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, டாக்ஸியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே இருந்தவர் ஹிந்தியில், பிள்ளைக்குப் பொறுப்பு யார், கௌன் ஹை, என்றாராம். “மை ஹூன்” என்றாளாம் இவள். நான்தான் என்றாளா, தன் பெயரைத்தான் சொன்னாளா என்று அவருக்குக் குழப்பம் வந்திருக்கும். இரண்டும் ஒன்றுதான். உன் மகளின் காலில் ஊசி குத்தி, பாட்டில் தண்ணீர் ஏற்றினார்கள். மறுநாள் அவள் வாய்விட்டு அழுதாள், கண்ணீரோடு. அந்தக் கண்ணீரைப் பார்த்து மைமூன் சிரித்தாள் என்று, பிறகு நான் பார்க்கப் போனபோது பக்கத்துக் கட்டில் பெண் என்னிடம் சொன்னாள்.

இப்போது உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்று உனக்குத் தெரியும். ஆமினா என்று பெயர் மட்டும் தெரியும். எப்படிப் போனாள் என்று நீ கேட்டபோதெல்லாம் வீட்டில் எல்லாரும், “அல்லா குடுத்தான், அல்லா எடுத்துக்கிட்டான்” என்று முடித்துவிட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி மூட மாட்டேன்.

அதுவும் மழைக்காலம்தான். அதே தாராவி, அதே வயிற்றுப்போக்கு. அப்போது நாங்கள் உன் பெரிய வாப்பா வீட்டில் ஒரே அடுப்பில் இருந்தோம். உன் வாப்பா தோல் வாங்க மதராஸுக்குப் போயிருந்தார். பெரிய வாப்பா குர்லாவுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் பெண்கள் மட்டும்தான். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று சொல்லிப் பிள்ளைக்குத் தண்ணீரையும் நிறுத்தச் சொன்னார்கள். என் பிள்ளை ஈரத் துணியைப் பார்த்து வாயைத் திறந்தது. நான் அந்தத் துணியை மறைத்து வைத்தேன்.

நம் சந்துக்குப் பின்னால் கோலிவாடா இருக்கிறதல்லவா, அங்கிருந்து ஒரு மீன்காரி தினமும் வருவாள். கணுக்கால் தெரியச் சேலையைக் கச்சம் போட்டுக் கட்டிக்கொண்டு, தலையில் கூடையோடு தாதர்வரை தனியாகப் போய் வருகிறவள். அவளைப் பற்றி நம் வீட்டில் நல்ல பேச்சு கிடையாது. மீனை மட்டும் வாங்குவோம். அன்றைக்கு அவள் பிள்ளையைப் பார்த்ததும் கூடையைக் கீழே இறக்கிவிட்டாள். “சல் பாய், மேரே ஸாத் சல்”, வா, என்னோடு வா என்று என் கையைப் பிடித்தாள். அதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளோடு நடந்தே போய்விடலாம். எனக்கு ஹிந்தி அவ்வளவாக வராது. “அவுஹ வரட்டும்” என்று நாம் சொல்வதை அப்படியே, “வோ ஆனே தோ” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “வோ டாக்டர் ஹை க்யா?” என்றாள். வரப்போகிறவர் என்ன டாக்டரா என்று கேட்டாள்.

அவள் கேலி செய்யவில்லை மகனே. அவ்வளவு காத்திருக்கிறாளே, வருகிறவர் வைத்தியராகத்தான் இருக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்துக் கேட்டாள். நான் மறுபடியும் வாசலைப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெரிய வாப்பா அஸர் தொழுகை முடிந்து வந்தார்கள். தலையில் குடையோடு வந்து பார்த்து, “மழ விடட்டும், போலாம்” என்றார்கள். மழை விட்டது. ஆமினா அதற்கு முன்பே போய்விட்டாள்.

பெரிய வாப்பா அன்றைக்கு அழுதார்கள். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளையைப் போர்த்தி அடக்க கஃபன் துணியைத் தானே போய் வாங்கி வந்தார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவர் ஒருவர் தடுத்து என் பிள்ளை செத்திருந்தால் அவரைச் சபித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். யாரும் தடுக்கவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. போகக் கூடாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் போகலாம் என்று சொல்ல வேண்டியவர் ஊரில் இல்லை. இதை உன்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல எழுதவில்லை. அவுஹ வரட்டும் என்கிற சொல் என் வயிற்றில் பிறந்தது அல்ல. நடக்கப் பழகிய நாளிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் மன்னிப்புக் கேட்கட்டும்.

அதற்கப்புறம் நீ பிறந்தாய். மெலிந்த பிள்ளை, அழுதால் பூனை கத்துவதாக நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரி விரட்ட வருவாள். பிள்ளை பெற்று எனக்கு நாற்பது நாள் கழியவில்லை, வாசற்படி தாண்டக் கூடாது. அந்த நேரத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. மூச்சு விடும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உன் வாப்பா தோல் ஷாப்பில், பெரிய வாப்பா ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். வீட்டுப் பெண்கள், “அவுஹ வரட்டும், ஆளனுப்பியிருக்கு” என்றார்கள். என் காதில் மீன்காரியின் குரல்தான் விழுந்தது. எழுந்தேன். பச்சை உடம்பு. உன்னை மாரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். மீன்காரியைத் தேடினேன், அன்றைக்கென்று அவளைக் காணோம். எந்த பஸ் எங்கே போகும் என்று தெரியாது. அதனால் நடந்தேன். எதிரே வந்தவர்களிடமெல்லாம், “தவாக்கானா? தவாக்கானா?” என்று ஆஸ்பத்திரியைக் கேட்டுக் கேட்டுப் போனேன். ஆமாம், அன்றைக்கு நான் கேட்டுத்தான் போனேன். வழி கேட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது பெரிய வாப்பா வாசலில் நின்றார்கள். உன் வாப்பா அவர்களுக்குப் பின்னால் நின்றார். “யாரக் கேட்டுப் போன?” என்று பெரிய வாப்பா கேட்டார்கள். அதே மூன்று சொல். இப்போது பஹ்ரைனிலிருந்து தபாலில் வந்திருக்கிறது, உன் கையெழுத்தில். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் தூக்கிக்கொண்டு போன பிள்ளைதான் நீ. உன் உறையைப் பிரித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். உன் வாப்பா, அல்லா அவருக்குச் சொர்க்கத்தைக் கொடுக்கட்டும், அண்ணனுக்கு முன்னால் உட்காரக்கூட மாட்டார். அவர் முன்னால் வந்து உன்னை என் கையிலிருந்து வாங்கினார். உன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். “காக்கா, புள்ள இருக்குல்லா?” என்றார். அவ்வளவுதான். அண்ணனை எதிர்த்து அவர் ஆயுளில் பேசிய பேச்சு அது ஒன்றுதான். அதற்காகவே கடைசிவரை அவருக்குச் சூடாகச் சோறு போட்டேன்.

அதோடு தனி அடுப்பு ஆனோம். நீ வளர்ந்த கதை உனக்குத் தெரியும், ஆனால் நான் வளர்ந்த கதை உனக்குத் தெரியாது. நீ முனிசிபல் பள்ளிக்கூடத்தில் படித்த மராத்தி எண்களை உன் சிலேட்டில் பார்த்துத்தான் நானும் படித்தேன். பஸ்ஸின் நெற்றியில் அந்த எண்தான் எழுதியிருக்கிறது, அது தெரியாவிட்டால் நிற்கிற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். மணிபர்ஸுக்கு உள்துணி தைத்தேன். அந்தக் காசு என் முந்தானையில் இருந்தது. டாக்ஸிக்குக் கை நீட்ட யாருடைய சட்டைப் பையையும் நான் தேட வேண்டியிருக்கவில்லை. பிறகு சந்தில் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். “லாத்தா, புள்ள பால் குடிக்க மாட்டேங்குது, கூட வாரீங்களா?” என்று. இந்துவும் வந்தாள், துலுக்கச்சியும் வந்தாள். போனோம். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தன என்று பொய் சொல்ல மாட்டேன். சில பிள்ளைகளை வெறும் துணியாகத்தான் தூக்கி வந்தோம். ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்து ஒரு பிள்ளையும் போகவில்லை. எங்களைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. வாய் வலித்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

நீ பட்டறையில் வேலை பார்க்கிறவன், கணக்காக யோசிக்கத் தெரிந்தவன். யோசித்துப் பார். ஆமினாவுக்கு நோய் வந்தபோதும் அந்த ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. உன் மகளுக்கு வந்தபோதும் அங்கேதான் இருந்தது. மழை ஒன்று, சந்து ஒன்று, வயிற்றுப்போக்கு ஒன்று. ஆமினாவின் உம்மாவுக்கு அவள்மேல் பாசம் குறைவா? மைமூன் தன் பிள்ளையை நேசிப்பதைவிடக் குறைவாகவா நான் அவளை நேசித்தேன்? பாசம் எல்லா உம்மாவிடமும் இருக்கிறது. கால்தான் எல்லாரிடமும் இல்லை. ஒரு பிள்ளைக்கு மருந்து எட்டுவது தாயின் கால் எட்டும் தூரம்வரைதான். அந்தக் காலைக் கட்டி வைத்துவிட்டு, பிள்ளை போன பிறகு அல்லாமேல் போடாதீர்கள். நான் ஐந்து வேளை தொழுகிறவள். மூச்சுத் திணறுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் வரும்வரை சும்மா இரு என்று படைத்தவன் எனக்கு எங்கேயும் சொல்லவில்லை. சொன்னது நீங்கள்.

மைமூன் இப்படிப்பட்டவள் என்று தெரியாமல் உனக்குக் கட்டிவைத்தேன் என்று நினைக்கிறாயா? செம்பூரில் பெண் பார்க்கப் போனபோது அவள் உம்மா தயங்கித் தயங்கி, “புள்ள ஏழாவது படிச்சிருக்கு. கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஹிந்தி நல்லாப் பேசுவா, மார்க்கெட்டுக்குத் தனியாப் போயிட்டு வந்துருவா. உங்க வீட்டுக்குச் சரிவருமோ என்னமோ” என்றார். நம்முடன் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் அங்கேயே, பேச்சு முடிந்தது என்று கொடுக்கிற சர்க்கரையைக் கையில் எடுத்துவிட்டேன். நீ அவள் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அவள் காலைப் பார்த்துச் சம்மதித்தேன். என் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

ஆகையால் உன் உத்தரவுக்கு என் பதில் இதுதான். அவள் ஊருக்குப் போக மாட்டாள். பெரிய வாப்பா எடுத்துவந்த டிக்கெட்டை நேற்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபத்தோடு போனார்கள், போகட்டும், பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினால் சரியாகிவிடும். ஊரில் நம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். அங்கே கேட்பதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஒருவரைக் கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, அவர் உனக்கு எழுதிக் கேட்பார். என் பேத்தியை அந்த வரிசையில் நிறுத்த மாட்டேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். பணம் அனுப்ப மாட்டேன் என்று எழுதினால் எழுது. என் தையல் ஊசி இன்னும் துருப்பிடிக்கவில்லை. நீ என் மகன். ஆனால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது உன்னைக் கேட்பதற்கு, வோ டாக்டர் ஹை க்யா?

அறையில் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். நீங்களும் வீட்டுக்கு எழுதுங்கள். என்னைக் கேட்டுவிட்டுச் செய் என்று எழுதியிருந்தால், அதை இன்றைக்கே அழித்து எழுதுங்கள். தபால் போய்ச் சேர நாளாகும்.

கடைசியாக ஒன்று. உன் பெரிய வாப்பாவிடம் நான்தான் அனுப்பினேன் என்று சொன்னதாக எழுதினேனே, அது பொய். அவர்கள் கோபம் என்மேல் விழட்டும் என்று சொன்னது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். யாரைக் கேட்டுப் போனாள் என்று கேட்டாய். அவள் என்னையும் கேட்கவில்லை. நான் அப்போது முழங்காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தேன். போகவா என்று என்னைக் கேட்பாள், போ என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் தயாராகக்கூட இருந்தேன். அவள் பிள்ளையைத் தூக்கிப் போர்த்தினாள். செருப்பை மாட்டினாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

“மாமி, புள்ளயத் தூக்கிட்டு டாக்டர்ட்டப் போறேன். சோத்த வடிச்சிருங்க” என்றாள்.

நான் எழுந்துபோய்ச் சோற்றை வடித்தேன்.

உன் உம்மா